ஆடிக் காத்துல மினிக்காய் போன கதை

கூட்டாளி எழுதுன நாவல அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி படிச்சுக் குடுத்த அனுபவம் யாருக்காச்சும் இருக்குதுங்களா? எனக்குப் போன ஆடில வாய்ச்சுது.

நமக்கு நெகமம் பக்கம் தென்னந்தோப்பு. கூட்டாளி திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங். ராத்திரி ராத்திரியா உக்காந்து 212 பக்கம் எழுதிட்டான். கதை நடக்கறது லட்சத்தீவுல, மினிக்காய்ல. "தப்பு இருந்தா செகப்புப் பேனால சுழிச்சு வை மாப்ள"ன்னு ஒரு கட்டு ஜெராக்ஸக் குடுத்துட்டுப் போனான். பைண்டிங்கூடப் போடல. அதோட பலன் பின்னாடி வருது.

தோட்டத்து ஊட்டுச் சாளைத் திண்ணைல கயித்துக் கட்டிலப் போட்டு உக்காந்தேன். பாலக்காட்டுக் கணவாய்ல பூந்து வர்ற காத்து ஆடில எங்க தோப்ப என்ன பாடுபடுத்தும்னு பொள்ளாச்சிக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. கண்ண மூடுனா மட்டை அடிச்சுக்கறது அப்படியே அலைச் சத்தம். கதைக்குள்ள கொச்சில கப்பல் ஏறுனவன்தான். 1885ல கட்டுன லைட் ஹவுஸ் தெரிஞ்சுது. வலமிருந்து இடமா எழுதற மஹல் பாஷை பழகுனேன். சூரை மீன வேக வச்சுப் பொகை போட்டு மாசி ஆக்கற எடத்துல மூக்கப் பொத்திக்கிட்டு நின்னேன். ஊட்டுக்காரி சோத்துக்கு மூணு தடவ கூப்புட்டாளாம். எனக்குக் கேக்கவேயில்ல.

படிக்கச் சொன்னது தப்புக் கண்டுபிடிக்க. நான் மூணு நாள் ஊர் சுத்திட்டிருந்தேன்.

61ஆம் பக்கத்துலதான் பேனாவ எடுத்தேன். ஏழடி தோண்டுனா நல்ல தண்ணின்னு எழுதியிருந்தான். "ஏண்டா, இங்க ஆயிரம் அடி போர் போட்டும் வெறும் பொகைதான் வருது. சுத்தியும் உப்புக் கடல், நடுவுல ஏழடில நல்ல தண்ணியா?"ன்னு போனப் போட்டுட்டேன். அவன் பொறுமையாச் சொன்னான். பவளப்பாறைத் தீவுல ஆறும் கெடையாது, ஓடையும் கெடையாது. மழத்தண்ணி மணல்ல எறங்கி, உப்புத் தண்ணிய விட எடை கம்மிங்கறதால அதுக்கு மேலயே மெதக்குமாம். மோட்டாரப் போட்டு ஒரேயடியா இழுத்தா கீழ இருக்கற உப்பு மேல ஏறிரும். அதைக் கேட்டப்புறம் அன்னிக்கு வாழைக்குத் தண்ணி உட கை வரல.

ஆனா 93ஆம் பக்கத்துல நான் உடலீங்க. கதாநாயகன் தென்னை மரத்தப் புடிச்சு உலுக்குனானாம், நாலு எளநி உழுந்துச்சாம். நெல்லிக்கா மரம்னு நெனச்சுட்டானாட்டம் இருக்குது! பக்கம் பூரா செகப்பு.

சுழிச்சுட்டுச் செம்பு எடுக்க எந்திரிச்சேன், அந்த நேரம் பாத்து ஒரு காத்து. கட்டு மொத்தமும் தோப்புக்குள்ள. வட்டப்பாத்தில நனைஞ்சது, மட்டைல சிக்குனதுன்னு பொழுது எறங்கற வரைக்கும் பொறுக்குனோம். 114ஆம் பக்கம் மட்டும் இன்னி வரைக்கும் கெடைக்கல. 113ல கதாநாயகன் மினிக்காய்க் கரைல நிக்கறான், 115ல கொச்சில டீ குடிக்கறான். எப்படித் திரும்புனான்னு எனக்குத் தெரியாது. கூட்டாளிகிட்ட இன்னும் சொல்லலீங்க.