போட்டியா, திட்டமா? தேர்தல் செய்திகளை வகைப்படுத்த உதவி தேவை

வணக்கம். 2021 தமிழகச் சட்டமன்றத் தேர்தல் பிரசாரச் செய்திகள் தேர்தலைப் போட்டியாகக் காட்டுகின்றனவா, திட்டங்களை விளக்குகின்றனவா என்று வகைப்படுத்துவதில் ஒரு சிக்கல். அனுபவம் உள்ளவர்கள் கைகொடுங்கள்.

குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் என்று மார்ச் 7இல் ஸ்டாலின் அறிவித்தார். மறுநாளே 1500 ரூபாய், ஆண்டுக்கு 6 சிலிண்டர் என்றார் பழனிசாமி. தலைப்பில் ‘போட்டி’ என்ற ஒரு சொல் ஏறினால் போதும். யாருக்குக் கிடைக்கும், பணம் எங்கிருந்து வரும் என்பதெல்லாம் பின்னுக்குப் போய், யார் முந்தினார் என்பதே செய்தியாகிவிடுகிறது.

தலைப்பு பெரும்பாலும் துணை ஆசிரியர் வைப்பது, செய்தி நிருபர் எழுதுவது. அதனால் முழுச் செய்திக்கும் ஒரே குறியீடு போட்டால் தலைப்பின் தொனி மற்றதையும் இழுத்துக்கொள்ளும். தலைப்பு, முதல் பத்தி, மீதி என மூன்றாகப் பிரித்தே குறிக்கிறோம். நூற்றுக்குப் பத்துச் செய்திகளை இருவர் தனித்தனியே குறித்து, இருவர் குறித்ததும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா என்ற அளவைக் கணக்கிடுகிறோம். 0.80 வந்தால் நிம்மதி. 0.667க்குக் கீழே இறங்கினால் அந்த வகையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வெறும் ஒத்துப்போகும் சதவீதத்தை நம்ப வேண்டாம். ஒரே வகை மலிந்திருந்தால் அது பொய்யாக உயர்ந்து நிற்கும்.

உதைப்பது முதல் பத்தியில்தான். எதிரணியை விட 500 ரூபாய் அதிகம் என்று வேட்பாளரே பேசி, நிருபர் அதை அப்படியே எழுதினால், போட்டிச் சட்டகம், அதாவது செய்தியைப் போட்டியாகக் காட்டும் கோணம், யாருடையது? பத்திரிகையுடையதா, பேச்சாளருடையதா? மேற்கோளுக்குத் தனிக் குறியீடு வைத்தவர்கள் உங்கள் விதியைச் சொல்லுங்கள்.

மார்ச் 7 முதல் ஏப்ரல் 4 வரையிலான மாவட்டப் பக்கங்களின் அச்சுப் பிரதி இருந்தாலும் தெரிவியுங்கள். இணையத் தலைப்புகள் பிறகு மாற்றப்படுவதால் அவற்றை நம்ப முடியவில்லை.