சிப்பாய் அதிகம் இருந்தும் டிராவா?

வெள்ளைக்காய்: ஞாயிற்றுக்கிழமை சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. என் ரேட்டிங் (ஆட்டத்திறன் புள்ளி) 1520, எதிராளிக்கு 1690. ஒரு சிப்பாய் அதிகம் வைத்து 78 நகர்த்தல் ஆடியும் அரைப் புள்ளிதான். 60-ஆவது நகர்த்தலில் என் ராஜா டி5 (டி என்ற நெடுவரிசையில் ஐந்தாவது கட்டம்), யானை ஏ7, சிப்பாய் இ5. அவர் ராஜா இ8, யானை பி6. அதற்கப்புறம் யானையை இங்கும் அங்கும் தள்ளினாரே தவிர, வேறு எதுவும் செய்யவில்லை. இதெல்லாம் ஒரு ஆட்டமா?

ஆறாம்வரிசை: தள்ளியதுதான் சார் ஆட்டமே. அந்த யானை ஆறாவது வரிசையில் நிற்கும்வரை உங்கள் ராஜா மேலே ஏற முடியாது. பழைய பிரெஞ்சு சதுரங்க மேதை ஃபிலிடோர் 1777-லேயே காட்டிய தற்காப்பு இது. நீங்கள் பொறுமை இழந்து 71-இல் இ6 தள்ளினீர்கள், அவர் யானை உடனே பி1-க்கு இறங்கிவிட்டது. பிறகு பின்னாலிருந்து செக் மேல் செக். உங்கள் ராஜா ஒதுங்க வேண்டிய இ6 கட்டத்தில் உங்கள் சிப்பாயே உட்கார்ந்திருக்கிறது!

வெள்ளைக்காய்: மனப்பாடம் செய்து ஒப்பிப்பது திறமையா? நான் இ6 தள்ளாமலே காத்திருந்தால்?

ஆறாம்வரிசை: அவரும் காத்திருப்பார். வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் 50 நகர்த்தல் போனால் நடுவரிடம் டிரா கேட்கலாம். கேட்காவிட்டாலும் 75-இல் தானாகவே டிரா.

பழையபோர்டு: ரெண்டு பேரும் கடைசியையே பிடித்துத் தொங்குகிறீர்கள். நீங்கள் போட்ட நகர்த்தல்களை முழுதாக வைத்துப் பார்த்தேன். 52-இலும் 55-இலும் ஜி, ஹெச் வரிசைச் சிப்பாய்களை ஆளுக்கொன்றாக வெட்டி மாற்றிக்கொண்டது யார்? சிப்பாய் அதிகம் உள்ளவர் யானை, குதிரை போன்ற காய்களை மாற்றலாம், சிப்பாய்களை மாற்றலாமா? உங்கள் மூன்று சிப்பாய்க்கு அவர் இரண்டு என்று விட்டிருந்தாலும் கணக்குப்படி டிராவாகத்தான் இருக்கலாம். ஆனால் நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதலை மட்டும் நம்பி அதைக் காப்பாற்றுவது 1690-க்குச் சாதாரண வேலை இல்லை.

வெள்ளைக்காய்: எனக்கும் இரண்டு நிமிடம்தான் இருந்தது. பலகை காலியானால் எளிதாகும் என்று நினைத்தேன்.

பழையபோர்டு: எளிதாகத்தான் ஆனது, அவருக்கு!

வெள்ளைக்காய்: சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். என் கடிகாரம் ஓடும்போது மூன்று தடவை ‘டிரா?’ என்று கேட்டார்.

ஆறாம்வரிசை: அது தப்புதான். காயை நகர்த்தி, கேட்டு, அப்புறம் கடிகாரத்தை அழுத்த வேண்டும். தொந்தரவு என்று நடுவரைக் கூப்பிட்டிருக்கலாம். அதற்காக நிலை மாறிவிடாது.

வெள்ளைக்காய்: அவர் அந்த யானையை எட்டாவது வரிசைக்கு இழுத்திருந்தால் ஜெயித்திருப்பேன்.

ஆறாம்வரிசை: இழுக்கவில்லையே சார்.