பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு: ஐபிடி அமர்வுகளை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: வைகைக்கரை
குழந்தை பிறந்து 8 வாரம், தாய் வீட்டில் இருக்கும் பெண். பிரசவகால மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலில் 30-க்கு 15. தன்னை வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய 10-வது கேள்விக்கு 0. பேச்செல்லாம் மாமியாரையும் கணவரையும் பற்றித்தான். எண்ணங்களைத் திருத்தும் பேச்சு சிகிச்சையான சிபிடி எனக்குப் பழக்கம் உண்டு, உறவுகளை மையமாக வைக்கும் ஐபிடி புதிது. 12 அமர்வில் எது எப்போது? கணவரை முதல் நாளே கூப்பிடலாமா?

பதில்: மருதம்
முதலில் டிஎஸ்எச் என்ற தைராய்டு சோதனை, ஹீமோகுளோபின் பார்த்தாச்சா? தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே சோர்வைத் தரும். முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் அளவுமீறிய உற்சாகத்தில் சில நாள் இருந்தாரா என்றும் கேளுங்கள். இருமுனைக் கோளாறு என்றால் பாதையே வேறு.

1 முதல் 3 வரை: ‘இது நோய், உங்கள் குணக்கேடு இல்லை’ என்று விளக்கம், பிறகு உறவுப் பட்டியல். ஒவ்வொருவரிடமும் எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன, குழந்தை வந்தபின் என்ன மாறியது? பெற்ற அம்மாவை விட்டுவிடாதீர்கள். ‘அம்மா நல்லாத்தான் பாத்துக்கிறாங்க’ என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். பல நேரம் சிக்கலில் பாதி அங்கேதான். இழப்பு, உறவுப் பூசல், வாழ்க்கை நிலை மாற்றம், நெருங்கிய உறவே அமையாத தனிமை: இந்த நான்கில் ஒன்றை, மிஞ்சினால் இரண்டை, அவரோடு பேசித் தேர்ந்தெடுங்கள். 4 முதல் 10 வரை அதில்தான் வேலை, கடைசி 2 விடைபெற. 2000-ல் அயோவாவில் ஓஹாரா குழு 120 தாய்மாரிடம் செய்த ஆய்வும் 12 வாரம்தான்.

பதில்: சொல்லாடி
சிபிடி பழகியவர்கள் எண்ணத்தைத் திருத்தப் போய்விடுவார்கள், அங்கேதான் சறுக்கல். இங்கே நடந்ததைப் பிடிக்க வேண்டும். மனநிலையைச் சொன்னால் அந்த வாரம் என்ன நடந்தது என்று கேளுங்கள். நடந்ததைச் சொன்னால் அப்போது மனசு எப்படி இருந்தது என்று.

மாமியார் போனில் ‘பால் பத்தலபோல, பவுடர் பால் குடு’ என்றார் என்று வையுங்கள். வசனம் வசனமாக வாங்குங்கள். ‘சரிங்கத்தே’ என்று சொல்லிவிட்டு இரவெல்லாம் அழுதிருப்பார். ‘அத்தை என்ன சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்? அது அவங்களுக்குத் தெரியுமா?’ என்று கேட்டு, மாற்றுப் பதிலை அங்கேயே பேசிப் பார்க்க வையுங்கள். மாமியாராக நீங்கள் நடிக்கும்போது சாதுவாக நடிக்காதீர்கள், வீட்டில் அது உதவாது!

பேச்சே நின்றுபோன பூசலில் சமாதானம் நகராது. மனக்குறையை முதலில் வெளியே கொண்டுவர வேண்டும், கொஞ்ச நாள் சத்தம் கூடும். அடி உதை இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே கூடாது, பெண்கள் உதவி எண் 181-ஐச் சொல்லுங்கள்.

பதில்: நிழற்குடை
கணவருக்கு 1 அல்லது 2 அமர்வு போதும். பட்டியல் முடிந்த பிறகு, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு. ‘ஒத்தாசையா இருங்க’ என்பது வீண். சனிக்கிழமை வந்தால், இரவுப் பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் வரவைத்துத் தூங்கவைப்பது அவர் வேலை என்று பேசி முடியுங்கள்.

புகுந்த வீடு திரும்பும் தேதியையும் கேளுங்கள். அது இரண்டாவது நிலை மாற்றம். 12 அமர்வும் தாய் வீட்டிலேயே முடிந்தால் பழகியது எதுவும் சோதனைக்கு வராது. கடைசி 3-ஐத் திரும்பிய பிறகு வையுங்கள், போனிலாவது.

4-வது, 8-வது அமர்வில் மறுபடி எடின்பரோ. 8-லும் இறங்கவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். மனச்சோர்வு மருந்தான செர்ட்ரலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும், அதற்காகப் பாலை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை தூங்கியும் இவர் தூங்காமல், வீண் சந்தேகமும் குழம்பிய பேச்சும் வந்தால் அமர்வுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்றபடி ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.