முதல் கொலு: சுண்டல் கணக்கு, தாம்பூலப் பை, போகிற வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது?

மூணுபடி எழுதியது:

எங்கள் வீட்டில் இந்த வருஷம்தான் முதல் கொலு. அடுக்குமாடிக் குடியிருப்பு, மூன்று படி. வார நாட்களில் சாயங்காலத்துக்கு ஐந்தாறு பேர், வெள்ளி, சனி, ஞாயிறில் பதினைந்து பேர் என்று ஒன்பது நாளில் சுமார் 75 பேர் வருவார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், வீடு திரும்ப ஐந்தரை ஆகும். ஆறரைக்கு முதல் ஆள் மணி அடிப்பார்.

1. எந்தச் சுண்டலுக்கு எவ்வளவு ஊற வைப்பது? முந்தின நாளே என்ன செய்து வைக்கலாம்?
2. தாம்பூலத்தோடு கொடுக்க, ஆளுக்கு 100 ரூபாய்க்குள் உபயோகமான பொருள் என்ன? பிளாஸ்டிக் டப்பா வேண்டாம்.
3. நாங்களும் பத்து வீட்டுக்குப் போக வேண்டும். கையில் என்ன கொண்டுபோனால் அந்த வீட்டுக்காரருக்கு நிஜமாகவே உதவும்?
4. எங்கள் தளத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம், ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறார்கள். கணவரை இழந்த பெரியவர்கள் இரண்டு பேர். யாருக்கும் சங்கடம் வராமல் எப்படிக் கொடுப்பது?

---

சுண்டல்கரண்டி:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன்.

அரை கிலோ காய்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்தா ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல வரும். உட்கார்ந்து சாப்பிட ஆளுக்கு 75 கிராம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பற பொட்டலம் 100 கிராம். இந்தப் பொட்டலத்தைக் கணக்குல சேர்க்காம விட்டுட்டா எட்டு மணிக்கு வரவங்களுக்கு வாழைப்பழம் மட்டும் மிஞ்சும். ஆறு பேர் வர்ற நாளுக்கு அரை கிலோ, பதினைந்து பேர் வர்ற நாளுக்கு ஒண்ணேகால் கிலோ. வேர்க்கடலை அவ்வளவா உப்பாது, அதனால கால் பங்கு கூடுதலா எடுங்க.

அடுத்து குக்கர். பயறு வகைக்குக் குக்கர்ல பாதிக்கு மேல நிரப்பக் கூடாது. நுரையும் தோலும் மேலே வந்து விசில் போற துவாரத்தை அடைச்சுடும். 5 லிட்டர் குக்கர்ல ஊறின அரை கிலோ கடலையும் தண்ணியும்தான் சரியா இருக்கும். ஒண்ணேகால் கிலோன்னா மூணு தடவை வைக்கணும், ஐந்தரைக்கு வீட்டுக்கு வர்றவங்களுக்கு அது ஆகாது. அதனால கூட்டம் வர்ற நாளுக்குக் கொண்டைக்கடலையே வேண்டாம். அகலமான பாத்திரத்துல திறந்து வேக வைக்கிற காராமணி, பச்சைப்பயறு, கடலைப்பருப்பு வைங்க. கொண்டைக்கடலை செவ்வாய், புதனுக்கு.

ஊறும் நேரம்: கொண்டைக்கடலை, காய்ந்த பட்டாணி 8 மணி நேரம். காராமணி நாலு, வேர்க்கடலை நாலு, பச்சைப்பயறு ரெண்டு மூணு, கடலைப்பருப்பு ஒண்ணரை. காலையில எட்டு மணிக்கு மேடையில ஊற வெச்சுட்டுப் போனா, புரட்டாசிப் புழுக்கத்துல சாயங்காலம் நுரை கட்டி வாடை வரும். ராத்திரி ஊறப்போட்டு, காலையில தண்ணிய வடிச்சு, ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டுப் போங்க. வந்ததும் நேரா அடுப்பு. நைவேத்தியத்துக்கு ஃபிரிட்ஜ்ல வெச்சது கூடாதுன்னு இருக்கற வீடா இருந்தா, வடிச்சதை ஈரத்துணியில கட்டிக் காற்றாடத் தொங்க விடலாம், லேசா முளை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். ஊறப்போடவே மறந்துட்டா, கொதிக்கிற தண்ணிய ஊத்தி ஹாட்பாக்ல ரெண்டு மணி நேரம் மூடி வைங்க. ராத்திரி முழுக்க ஊறினது மாதிரி வராது, ரெண்டு விசில் கூட வைக்கணும்.

வெள்ளைக் கொண்டைக்கடலைக்கு நாலஞ்சு விசில், பிறகு சின்னத் தீயில அஞ்சு நிமிஷம். கறுப்புக்கு ஏழெட்டு விசில். பட்டாணியைக் குக்கர்ல விட்டா ஒரு விசில் அதிகமானாலே கூழ், பாத்திரம்தான் நல்லது. எவ்வளவு விசில் விட்டும் வேகலைன்னா ஒண்ணு கடலை பழைய சரக்கு, இல்ல தண்ணி உப்புத்தண்ணி. லாரித் தண்ணி, போர் தண்ணி வர்ற குடியிருப்புல ஊற வைக்கவும் வேக வைக்கவும் குடிதண்ணியே எடுங்க. அரை கிலோவுக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா வரைக்கும் பரவாயில்ல, அதுக்கு மேல போனா சோப்பு வாசனை.

நைவேத்தியம் ஆகும் வரைக்கும் ருசி பார்க்க முடியாதே, அதனால உப்பு கண்ணளவு வேண்டாம். அரை கிலோவுக்கு ரெண்டு டீஸ்பூன் தூளுப்பு, வேகும்போதே. தாளிக்கும்போது திரும்பப் போடாதீங்க.

வெந்த தண்ணிய முழுசா வடிச்சு, தட்டுல பரப்பி ஆவி போக விட்டுட்டுத் தாளிக்கணும். தேங்காய் கடைசியில, பரிமாறப் பத்து நிமிஷம் முன்னாடி. சூட்டோட தேங்காயைக் கலந்து மூடி வெச்சாத்தான் எட்டு மணிக்குள்ள நூல் விடுது. பொட்டலத்துக்குப் போறதுல தேங்காயே போடாதீங்க, மாங்காய் இஞ்சியைத் துருவிப் போடுங்க. வடிச்ச தண்ணி ரசத்துக்கு ஆகும், சோடா போட்டிருந்தா மட்டும் கொட்டிடுங்க.

வெள்ளிக்கிழமை வெல்லச் சுண்டல் செய்வீங்கன்னு நினைக்கிறேன். அரை கிலோ கடலைப்பருப்புக்கு 350 கிராம் வெல்லம். பருப்பு நசுக்கினா நசுங்கணும், ஆனா உருவம் கலையக் கூடாது, அந்தப் பதத்துக்கு வந்த பிறகுதான் பாகுல போடணும். வெல்லம் சேர்ந்த பிறகு பருப்பு மேற்கொண்டு வேகாது. அரை வேக்காட்டுல போட்டுட்டு எவ்வளவு கிளறினாலும் பல்லுல கடிக்கும்.

---

மாடவீதி:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

ரவிக்கைத் துணி வைத்துக் கொடுப்பது வழக்கம். ஆனால் பளபளவென்று பாலியஸ்டரில் 70 சென்டிமீட்டர் வெட்டி விற்கிறார்களே, அதை யாரும் தைத்துப் போடுவதில்லை. அடுத்த வருஷக் கொலுவில் வேறு வீட்டுக்குப் போய், அதற்கடுத்த வருஷம் உங்களுக்கே திரும்பி வரும். கொடுத்தால் பருத்தியில் டூ பை டூ என்கிற இரட்டை இழை ரகம், குறைந்தது 80 சென்டிமீட்டர், முழங்கைக் கை வைத்துத் தைப்பவர்களுக்கு 1 மீட்டர். மொத்தமாக வாங்குமுன் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். நல்ல துணியே உங்கள் 100 ரூபாயில் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடும், ஆகவே துணி என்று முடிவு செய்தால் வேறு எதுவும் வேண்டாம்.

துணி இல்லையென்றால் என் வரிசை இது: வீட்டில் அரைத்த ரசப்பொடி அல்லது பருப்புப்பொடி 100 கிராம், அரைத்த தேதி எழுதி ஒட்டி. அகல் விளக்கு நாலு, திரிக்கட்டோடு; தீபாவளியும் கார்த்திகையும் அடுத்தடுத்து வருகின்றன, நிச்சயம் ஏற்றுவார்கள். சின்ன எவர்சில்வர் கிண்ணம். சிறிய பனையோலைக் கொட்டான், அதற்குள்ளேயே தாம்பூலத்தை வைத்துவிடலாம். கொட்டானைச் செட்டிநாட்டுப் பக்கம் பின்னுகிறவர்களிடம் ஆவணியிலேயே சொல்லி வைக்க வேண்டும், கடைசி வாரத்தில் கேட்டால் 75 ஒரே அளவில் கிடைக்காது. குழந்தைகளோடு வருபவர்களுக்குக் கோவில்பட்டி கடலை மிட்டாய் ஒரு பொட்டலம் தனியே வைத்திருங்கள்.

பைக்கு மஞ்சள் துணிப்பை. பிளாஸ்டிக் பையும் பிளாஸ்டிக் கோப்பையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, அது நினைவிருக்கட்டும். சுண்டலுக்குப் பாக்குமட்டைத் தொன்னை.

பை கெடுவது பெரும்பாலும் அடுக்குகிற விதத்தால். குங்குமப் பொட்டலம் பிரிந்து, வெற்றிலை ஈரத்தில் கரைந்து, துணியெல்லாம் சிவப்பு. குங்குமத்தைத் திருகுமூடிச் சிமிழில் போடுங்கள். மஞ்சள்தூளுக்குப் பதில் விரலி மஞ்சள் இரண்டு. மகாளய அமாவாசைக்கு முன்பே உலர்ந்த பொருட்களை மட்டும் 75 பையிலும் போட்டுக் கட்டி வைத்துவிடுங்கள். வெற்றிலை, பழம், பூ மூன்றும் கொடுக்கும் நேரத்தில் மேலே. பழம் வாழைப்பழமாக இருந்தால் நசுங்கும், சாத்துக்குடி தாங்கும். 75 தேங்காய் வாங்கி உருட்ட வேண்டியதில்லை.

வெற்றிலை ஆளுக்கு இரண்டு என்றால் 150, பூஜைக்கும் சேர்த்து இரண்டு கவுளி (நூறு இலைக் கட்டு). ஒரே நாளில் வாங்காமல் பாதிப் பாதியாக, முதல் நாள் ஒரு கவுளி, ஐந்தாம் நாள் ஒரு கவுளி. கழுவி, துடைத்து, பிழிந்த ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். சொட்டும் ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் கட்டினால் மறுநாளே கறுக்கும். பாக்கு என்று வாசனைப் பாக்குப் பொட்டலம் வைக்காதீர்கள், குழந்தைகள் பிரித்துத் தின்றுவிடுகிறார்கள். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே வகைப்படுத்தியாயிற்று. முழுக் கொட்டைப்பாக்கு ஒன்று வைத்தால் சாஸ்திரமும் ஆயிற்று, யாரும் மெல்லவும் மாட்டார்கள்.

---

கதம்பம்:

நாலாவதுக்கு என் பதில். பை எல்லாருக்கும் ஒரே பை. இவருக்கு இது இல்லாமல், அவருக்கு அது இல்லாமல் என்று தனித்தனியாகக் கட்டினால், கொடுக்கும்போது கை தடுமாறும், அது முகத்தில் தெரியும். குங்குமம், பூ, மஞ்சள் மூன்றையும் ஒரு தட்டில் வைத்து நீட்டுங்கள். நீங்களாக இட்டுவிடாதீர்கள். வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். கணவரை இழந்தவருக்குக் குங்குமம் கொடுக்கலாமா என்று தட்டைப் பாதியில் இழுப்பதுதான் அவமானம். எடுப்பதும் விடுவதும் அவர் இஷ்டம். வேறு யாராவது முணுமுணுத்தால் அது அவர்கள் பாடு.

மாற்று மதத்து அண்டை வீட்டாரில் சிலர் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட மாட்டார்கள், சிலருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நைவேத்தியத்துக்கு முன்பே ஒரு டப்பா சுண்டல் தனியே எடுத்து வையுங்கள். அழைக்கும்போதே, "படைக்காம தனியா எடுத்து வெச்சிருக்கேன் அக்கா, பொம்மை பார்க்க வாங்க" என்று சொல்லிவிட்டால், அவர்கள் மறுக்க வார்த்தை தேட வேண்டாம்.

பூ பற்றி ஒன்று. புரட்டாசியில் மல்லி வரத்து குறைந்திருக்கும், வெள்ளிக்கிழமை விலையைக் கேட்டால் தலை சுற்றும். கதம்பமோ கனகாம்பரமோ வாங்குங்கள். ஆளுக்கு ஒரு சாண், அதாவது அரை முழம், போதும். வாழையிலையில் சுற்றி வைத்தால் சாயங்காலம் வரை வாடாது.

---

மூணுபடி:

எல்லாருக்கும் நன்றி. கூட்ட நாளுக்குக் காராமணி என்று முடிவு. மூன்றாவது கேள்வி பாக்கி. பொம்மை வாங்கிக் கொடுக்கலாமா?

---

பொம்மைப்பெட்டி:

கொடுக்கலாம், ஆனால் கேட்டுவிட்டு. படி கட்டிக் கலசம் வைத்த பிறகு பல வீடுகளில் பொம்மையை நகர்த்த மாட்டார்கள். நடுவில் கொண்டுபோனால் ஓரத்தில் தரையில் உட்கார வைப்பார்கள். பொம்மை என்றால் அமாவாசைக்கு நாலு நாள் முன்பே கொண்டுபோய்க் கொடுங்கள். படிக்குப் படி உயரம் எவ்வளவு என்று போனில் கேளுங்கள். அதைவிட இரண்டு அங்குலம் குறைவாக வாங்கினால்தான் பின்படிப் பொம்மையின் காலை மறைக்காது. செட் பொம்மையில் ஒன்று இரண்டாக வாங்காதீர்கள். தசாவதாரத்தில் ஆறு மட்டும் இருந்தால் அந்த வீட்டுக்காரர் மீதி நாலைத் தேடி அலைவார்.

விளாச்சேரி, காஞ்சிபுரம் மண் பொம்மைகள் முகக்களையில் முதல் தரம், ஆனால் விழுந்தால் போயிற்று. பண்ருட்டி காகிதக்கூழ் பொம்மை எடை குறைவு, சின்னத் தட்டலைத் தாங்கும், ஈரம் மட்டும் ஆகாது. பரணில் வைக்கும் வீடா, மழை ஒழுகும் பரணா என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள். வெளியூருக்கு எடுத்துப் போகிறவர்களுக்குச் சன்னபட்னா மரப்பொம்மை. மண் பொம்மையைச் சுற்றப் பழைய வேட்டித் துணி நல்லது. பிளாஸ்டிக் உறை நேராக வர்ணத்தில் பட்டால் புழுக்கத்தில் ஒட்டி, பிரிக்கும்போது மூக்கு நுனி கையோடு வரும். கையும் கழுத்தும் சேரும் இடத்தில் துணியைத் திணித்துவிட்டு அப்புறம் சுற்றுங்கள், உடைவது எப்போதும் அங்கேதான்.

பொம்மை இல்லாமல் போகிற வீடுகளுக்கு இனிப்பு, வாழைப்பழச் சீப்பு இரண்டையும் தவிருங்கள். ஏழாம் நாள் அந்த வீட்டுச் சமையலறையைப் பார்த்தால் காரணம் புரியும். ஒன்பது நாளும் விளக்கு எரிகிறது. அரை லிட்டர் நல்லெண்ணெய், நல்ல பஞ்சுத்திரி ஒரு கட்டு, அல்லது நெய் 200 மில்லி. உதிரிச் சாமந்தி கால் கிலோ, ஆனால் மத்தியானத்துக்குள் சேர்ப்பித்தால்தான் அன்றைய பூஜைக்கு ஆகும். நெருங்கிய வீடென்றால் முன்னாடியே கேட்டு ஒரு நாள் சுண்டலை நீங்களே செய்து எடுத்துப் போங்கள். சில வீடுகளில் வெளியில் செய்ததை நைவேத்தியத்துக்கு ஏற்க மாட்டார்கள். அவர்களுக்கு 50 தொன்னையும் துருவிய தேங்காய் ஒரு டப்பாவும் கொடுத்தாலே, ஆறு மணிக்கு உதவிக்கு ஆள் இல்லாத நேரத்தில் பெரிய உபகாரம். துருவலை ஐஸ்பெட்டியில் எடுத்துப் போங்கள், வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு மணி நேரம் கிடந்தால் புளித்துவிடும்.