காந்தத்தில் தாழ்வு, ஈர்ப்பில் ஏற்றம்: அடியில் இருப்பது கிரானைட்டா, காப்ரோவா?

(பாறைத்தேடல், அடித்தளம், மில்லிகால்: மூன்றும் இங்கே பேசுவோரின் புனைபெயர்கள்.)

பாறைத்தேடல்: புவி காந்த நடுக்கோட்டை ஒட்டிய சமவெளி. அடித்தளப் பாறை சுமார் 500 மீட்டர் வண்டலுக்குக் கீழே. வான்வழிக் காந்த வரைபடத்தில் ஓரிடத்தில் பெரிய தாழ்வு. அதே இடத்தில் ஈர்ப்பு 6 மில்லிகால் (ஈர்ப்பு வேறுபாட்டை அளக்கும் சிறிய அலகு) கூடுகிறது. காந்தத்தைப் பார்த்தால் காந்தம் குறைந்த, அடர்த்தி குறைந்த கிரானைட்; ஈர்ப்பைப் பார்த்தால் காந்தமும் அடர்த்தியும் கூடிய காப்ரோ. எதை எடுத்துக்கொள்வது?

அடித்தளம்: இரண்டும் காப்ரோ என்றுதான் சொல்கின்றன. நடுக்கோட்டில் புவியின் காந்தப்புலம் கிடைமட்டம். காந்தமேறிய பாறைக்கு நேர் மேலே, அதன் புலம் புவிப்புலத்துக்கு எதிர்த்திசையில் விழும்; அதனால்தான் தாழ்வு. எஞ்சிய காந்தம் (பாறை உருவான காலத்திலிருந்தே அதில் பதிந்து நிற்பது) வலுவாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

துருவத்துக்கு மாற்றும் வடிகட்டியை (துருவத்தில் அளந்திருந்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைபடத்தை மாற்றும் கணக்கு) அப்படியே ஓட்டிவிடாதீர்கள். காந்தச் சரிவு (புலம் கிடைமட்டத்தோடு செய்யும் கோணம்) சுழியை நெருங்கும்போது அது இரைச்சலைப் பெருக்கி வடக்கு தெற்காகக் கோடுகள் இழுக்கும். பலர் அவற்றை டைக் (பாறைப் பிளவில் செங்குத்தாகப் புகுந்த தீப்பாறைச் சுவர்) என்று வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் வடக்கு தெற்காக ஓடும் டைக் அங்கே காந்தத்தில் அநேகமாகத் தெரியவே தெரியாது.

மில்லிகால்: முதலில் அந்த 6 மில்லிகால் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வண்டலுக்கும் அடித்தளத்துக்கும் அடர்த்தி வேறுபாடு கன சென்டிமீட்டருக்கு 0.3 கிராம் என்றால், அடித்தளம் 100 மீட்டர் எழும்பினால் சுமார் 1.3 மில்லிகால் கூடும். 6 வர வேண்டுமானால் ஏறத்தாழ 480 மீட்டர் எழும்ப வேண்டும்; தரையைத் தொட்டுவிடும்! ஆகவே மேடு மட்டுமே காரணமாக முடியாது. அடர்த்தி கிரானைட்டுக்கு 2.65, காப்ரோவுக்கு 3.0 என்று வைத்தால் காப்ரோ குறைந்தது சுமார் 400 மீட்டர் தடிமன் இருக்க வேண்டும். அகலம் குறைந்த உடல் என்றால் இன்னும் அதிகம்.

ஈர்ப்பு அளந்த இடங்களின் உயர அளவையும் சரிபாருங்கள். 1 மீட்டர் தவறினால் 0.2 மில்லிகால் போச்சு. நேரம் போகப் போகக் கருவியின் அளவு தானே மாறும் நகர்வைத் திருத்த 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை அடிப்படை நிலையத்துக்குத் திரும்பி அளந்திருக்க வேண்டும்.

பாறைத்தேடல்: நன்றி. பறப்புயரம் 100 மீட்டர், கோட்டு இடைவெளி 1 கிலோமீட்டர். இது போதுமா?

அடித்தளம்: உணரியிலிருந்து அடித்தளம் வரை 600 மீட்டர். மொத்தப் புலத்துக்கு இடைவெளி அதன் இரு மடங்கு, அதாவது 1200 வரை போகலாம், போதும். சாய்வு வரைபடம் (புலம் தூரத்தோடு மாறும் வீதத்தைக் காட்டுவது) வேண்டுமானால் 600 தாண்டக் கூடாது. வண்டலுக்குள்ளேயே காந்தப் பொருள் இருந்தால் அது கோட்டுக்குக் கோடு துண்டு துண்டாகத் தெரியும், அடித்தள அமைப்பாக எண்ணிவிடாதீர்கள்.

மில்லிகால்: பக்கத்தில் அடித்தளத்தைத் தொட்ட ஆழ்துளை இருந்தால் அதன் உள்ளக மாதிரியில் அடர்த்தியையும் காந்த ஏற்புத்திறனையும் (பாறை எவ்வளவு எளிதில் காந்தமேறும் என்பது) அளந்து, அந்த எண்களை வைத்து இரு தரவையும் சேர்த்தே மாதிரியாக்குங்கள்.