கல்யாண வீடியோ எடிட்டிங்: ஒன்றரை லட்சத்துக்கு லேப்டாப் வாங்கலாமா, அசெம்பிள் செய்யலாமா?

காவிரிக்கரை:
கும்பகோணம் பக்கம் கல்யாண வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கிறேன். கேமரா சோனி ஏ7 IV. பதிவு 4கே, எச்.265 என்ற சுருக்கும் முறை, நிற விவரம் கூடுதலாக இருக்கும் 10 பிட் 4:2:2. இப்போதுள்ள லேப்டாப்பில் டைம்லைனில் இரண்டு கிளிப்பை மேலும் கீழும் வைத்தாலே போதும், தாலி கட்டும் கை விட்டு விட்டு நகர்கிறது, கெட்டிமேளம் மட்டும் தடையில்லாமல் ஓடுகிறது. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. பெரும்பாலான வேலை கடையில்தான். ஆனால் சில பார்ட்டிகள் காலை முகூர்த்தத்தை மாலை வரவேற்பிலேயே எல்இடி திரையில் போடச் சொல்கிறார்கள், அப்போது மண்டபத்தில் உட்கார்ந்தே வெட்டியாக வேண்டும். கேமிங் லேப்டாப் ஒன்றை வாங்கிவிடலாம் என்று இருந்தேன். நண்பர் ஒருவர், லேப்டாப்பையே பாகம் பாகமாக வாங்கி நாமே அசெம்பிள் செய்யலாம், ஃபிரேம்வொர்க் என்று ஒரு கம்பெனி இருக்கிறது என்கிறார். எது சரி?

திருகாணி:
நண்பர் சொன்னது சரிதான். நான் ஃபிரேம்வொர்க் 16 வைத்திருக்கிறேன், அக்கா அமெரிக்காவிலிருந்து வந்தபோது கொண்டுவந்தார். ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாமல் வெறும் உடலாக வாங்கி நானே போட்டுக்கொண்டேன். இதில் கிராஃபிக்ஸ் பின்பக்கம் தனிப் பெட்டியாக வருகிறது. முதலில் வந்தது ரேடியான் 7700எஸ். 2025-இல் ஆர்டிஎக்ஸ் 5070 பெட்டியை விட்டார்கள், அது பழைய உடலிலேயே பொருந்துகிறது. மற்ற லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் பழசாகிவிட்டால் மொத்தத்தையும் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான்.

மண்டபம்மணி:
"அக்கா கொண்டுவந்தார்" என்பதிலேயே பதில் வந்துவிட்டது. அந்தக் கம்பெனி இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்கு நடுவில் போர்டு போனால் தம்பி யாரிடம் போய் நிற்பார்?

அப்புறம், லேப்டாப் அசெம்பிள் என்று சொல்பவர்கள் செய்வதெல்லாம் ரேம், எஸ்எஸ்டி, வைஃபை கார்டு மாட்டுவதுதான். தைவானின் கிளெவோ தயாரிக்கும் வெற்று உடலை வாங்கினாலும் அதே கதை. அந்த ஃபிரேம்வொர்க் பெட்டியை விட்டால், இந்தக் காலத்துப் போர்டுகளில் பிராசஸரும் கிராஃபிக்ஸும் சால்டர் ஆகியே வருகின்றன. கழற்றி மாட்டும் எம்எக்ஸ்எம் அட்டைகள் ஒரு காலத்தில் இருந்தன, கடையில் கிடைக்கும் லேப்டாப்களில் இப்போது தேடினாலும் கிடைக்காது. ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றும் வசதி சாதாரண கேமிங் லேப்டாப்பிலேயே இருக்கிறது. அதற்கு எதற்கு இவ்வளவு சுற்று?

திருகாணி:
எதற்கு என்றால் சொல்கிறேன். என் பழைய லேப்டாப்பில் சார்ஜிங் போர்ட் ஆடிப்போயிற்று. கம்பெனி பெயர் வேண்டாம், சர்வீஸ் சென்டரில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள், அதில் செகண்ட் ஹேண்டில் இன்னொரு லேப்டாப் வாங்கிவிடலாம். ஃபிரேம்வொர்க்கில் அந்த போர்ட் ஒரு சின்னக் கட்டி. உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் வேலை முடிந்தது.

பழையசர்வர்:
இருவரும் கம்பெனிக்காகச் சண்டை போடுகிறீர்கள். அவருடைய வீடியோ ஏன் திக்குகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

4:2:2 10 பிட் எச்.265 கோப்பைப் பிரித்துக் காட்ட சில்லுக்குள் அதற்கென்று தனிச் சுற்று வேண்டும். இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸில் 11-ஆம் தலைமுறையிலிருந்து அது இருக்கிறது. என்விடியா கிராஃபிக்ஸில் 50 வரிசையில்தான் (5060, 5070 மாதிரி) வந்தது. சில லட்சம் கொடுத்து வாங்கிய 4090-இல்கூடக் கிடையாது. திருகாணி சொன்ன 7700எஸ்ஸிலும் இல்லை, அதோடு வரும் ரைசன் பிராசஸரிலும் இல்லை. ஆப்பிளில் எம்1-இலிருந்தே உண்டு. அந்தச் சுற்று இல்லாவிட்டால் பிராசஸர் கோர்கள் எல்லாம் சேர்ந்து முட்டி மோதி அந்த வேலையைச் செய்யும்.

காவிரிக்கரை, ஒரு கிளிப்பை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கிராஃபிக்ஸ் பக்கத்தில் "வீடியோ டிகோட்" கோடு தரையோடு கிடந்து, சிபியூ 100-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் விஷயம் இதுதான். எடிட்டிங் மென்பொருள் ரிசால்வ் என்றால் காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பும் வேண்டும், இலவசப் பதிப்பு விண்டோஸில் இந்தச் சுற்றைப் பயன்படுத்தாது.

என் யோசனை: கடைக்கு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யுங்கள். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். லேப்டாப் 5070-க்குள் இருப்பது டெஸ்க்டாப் 5060 டிஐ-யின் சில்லு, 4,608 கோர், நினைவகம் 8 ஜிபி. டெஸ்க்டாப் 5060 டிஐ 16 ஜிபியிலேயே கிடைக்கிறது. லேப்டாப் 5090 என்று விற்பதும் டெஸ்க்டாப் 5080-இன் சில்லுதான்.

மண்டபம்மணி:
சில்லுக் கணக்கு சரி. டெஸ்க்டாப்பை மண்டபத்துக்கு யார் தூக்கிப் போவது? கேபினட், மானிட்டர், யுபிஎஸ் எல்லாவற்றையும் ஆம்னியில் ஏற்றி, டைனிங் ஹால் பக்கத்தில் பிளக் தேடி... நான் வருடக்கணக்கில் இந்த வேலை பார்க்கிறேன். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் ரெண்டர் பாதியில் நின்றால், பெண் வீட்டாருக்கு நீங்களா பதில் சொல்வீர்கள்? லேப்டாப் என்றால் பாட்டரி தாங்கிவிடும்.

பழையசர்வர்:
ஜெனரேட்டர் எடுக்கும் வரை தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் கேமிங் லேப்டாப் பாட்டரியில் ஓடும்போது கிராஃபிக்ஸ் பாதி வேகத்துக்குக்கூட வராது. விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோக 100 வாட்-மணி வரைதான் விடுவார்கள், அதனால் எந்தக் கம்பெனியும் அதைத் தாண்டிப் பாட்டரி வைப்பதில்லை. 150 வாட் இழுத்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சூடு வேறு. காற்று உள்ளே போவது அடிப்பக்கத்தில். மண்டபத்து மேசையில் வெல்வெட் விரிப்பைச் சுருக்கி மடித்துப் போட்டிருப்பார்கள், அதன் மேல் லேப்டாப்பை வைத்தால் துளைகள் அடைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் வேகத்தை அதுவே குறைத்துக்கொள்ளும்.

மண்டபத்து வேலைக்கு இப்போதிருக்கும் லேப்டாப்பே போதும். ஏ7 IV-இல் பிராக்ஸி ரெக்கார்டிங் என்று ஒன்று இருக்கிறது. 4கே கோப்போடு ஒரு சிறிய எச்டி கோப்பையும் சேர்த்தே எழுதும். அதை வெட்டி அப்படியே எக்ஸ்போர்ட் செய்து போடுங்கள். எல்இடி சுவருக்கு எதற்கு 4கே? பி3 பேனல் என்றால் 3 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி. 12 அடி அகலத் திரையில் சுமார் 1,200 புள்ளிதான் வரும், முழு எச்டிகூட இல்லை.

மண்டபம்மணி:
பிராக்ஸி உங்கள் கேமராவுக்கு மட்டும். இரண்டாவது கேமராவுக்கு வாடகைக்கு வரும் பையன் எதைக் கொண்டுவருவான் என்று காலையில்தான் தெரியும். ட்ரோன்காரர் கார்டை நீட்டிவிட்டுப் போய்விடுவார். அதையெல்லாம் பழைய லேப்டாப்பில் மாற்றிக்கொண்டிருந்தால் வரவேற்பு முடிந்து பந்தியும் எடுத்துவிடுவார்கள். 50 வரிசை லேப்டாப் ஒன்று இருந்தால் எந்தக் கோப்பையும் நேரே இழுத்துப் போட்டு வெட்டலாம். 5060 போதும், 16 ஜிபி ரேமோடு ஒன்றரை லட்சத்துக்குள் வந்துவிடும்.

வாங்கும்போது கிராஃபிக்ஸுக்கு எத்தனை வாட் விடுகிறார்கள் என்று கேளுங்கள். 5060 என்ற ஒரே பெயரில் 45 வாட்டும் உண்டு, 100 வாட்டும் உண்டு. கடையில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள், மாடல் எண்ணைப் போட்டுக் கம்பெனித் தளத்தில் தேடினால் கிடைக்கும்.

திருகாணி:
இதில் மணி அண்ணனோடு ஒத்துப்போகிறேன், ஒரே ஒரு நிபந்தனை. ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும் மெல்லிய மாடல்களை எடுக்காதீர்கள். இரண்டு ரேம் ஸ்லாட், எஸ்எஸ்டி போட இரண்டு எம்.2 ஸ்லாட் இருக்க வேண்டும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிவிட்டது, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

ஓரமாய்_ஒருவன்:
மேக் மினி எம்4 என்று யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். 2024-இல் 59,900 ரூபாய்க்கு வந்தது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, 4:2:2 தண்ணீர்பட்ட பாடு. மிச்சக் காசுக்கு மானிட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் வாங்கலாம்.

பழையசர்வர்:
ரேம் 16 ஜிபிதான், பின்னால் ஏற்ற வழியில்லை. அவர் வேலைக்கு ஓடும், பொய் சொல்லவில்லை. பழகிய மென்பொருளும் பிளக்-இன்களும் அதில் கிடைக்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

காவிரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. டாஸ்க் மேனேஜரில் அப்படியே இருந்தது, ரைசனும் ஜிடிஎக்ஸ் 1650-உம் உள்ள லேப்டாப், டிகோட் கோடு அசையவே இல்லை. பிராக்ஸியையும் போட்டுப் பார்த்தேன், மூன்று கிளிப் அடுக்கினாலும் வழுக்கிக்கொண்டு போகிறது. டெஸ்க்டாப் பக்கம் மனம் சாய்கிறது. சென்னை ரிட்சி தெருவில் ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கினேன். இன்டெல் ஐ5 14400எஃப் பிராசஸர், 5060 டிஐ 16 ஜிபி கார்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம். "கார்டுதான் இருக்கே சார், எஃப் போதும், விலை குறையும்" என்கிறார் கடைக்காரர். சரிதானே?

பழையசர்வர்:
எஃப் வேண்டாம். எஃப் என்றால் உள் கிராஃபிக்ஸ் இல்லாத பிராசஸர். 5060 டிஐ-யிலேயே 4:2:2 ஓடும் என்பது உண்மை. ஆனால் சீசனில் கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால் திரையில் படமே வராது. எஃப் இல்லாத 14400 போட்டால் கார்டு திரும்பும் வரை இன்டெல் சுற்றை வைத்தே வெட்டலாம். அதையே எழுதித் தரச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய 14700 போடலாம் என்று இழுத்தால், முதல் வேலையாக போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்யச் சொல்லுங்கள். 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய டெஸ்க்டாப் சில்லுகளில் மின்னழுத்தக் கோளாறு வந்து 2024-இல் இன்டெல் திருத்தம் விட்டது.

மண்டபம்மணி:
முடிவு உங்களுடையது தம்பி. எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. யுபிஎஸ்ஸுக்குத் தனியாக எடுத்து வையுங்கள், கொட்டேஷனில் அது இல்லை. இரண்டாவது கேமரா பையனிடம் பிராக்ஸி உள்ள கேமராவாகக் கொண்டுவரச் சொல்லி அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

காவிரிக்கரை:
அவனிடம் இப்போதுதான் கேட்டேன் அண்ணா. "பிராக்ஸின்னா என்ன?" என்கிறான். அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் ரிட்சி தெருவுக்குப் போக வேண்டும்.