ஒன்டாரியோவுல இன்ஜினியரிங் பக்கம் மாறணும்னா காலேஜா, யூனிவர்சிட்டியா?

புதுசா கனடா வந்து பிராம்ப்டன், மிஸ்ஸிசாகா, ஸ்கார்பரோ பக்கம் செட்டில் ஆனவங்கள்ல நிறைய பேரு இந்த கேள்விய கேக்கறாங்க. ஊர்ல பேங்க்லயோ, ஸ்கூல்லயோ, பிபிஓலயோ வேலை பாத்திருப்பாங்க, இங்க வந்ததும் வேர்ஹவுஸ்ல நைட் ஷிஃப்ட் கிடைச்சிருக்கும், எத்தனை நாள் இப்படியே ஓட்டறது, இன்ஜினியரிங் பக்கம் மாறிடலாம்னு தோணும். உடனே காலேஜா யூனிவர்சிட்டியான்னு குழப்பம் வந்துடும். நான் ஒன்டாரியோ பத்தி மட்டும் தான் சொல்றேன், ஏன்னா லைசென்ஸ் குடுக்கறது ஒவ்வொரு ப்ராவின்ஸ்லயும் தனித்தனி அமைப்பு.

மொதல்ல நம்ம ஊர் கணக்க விட்ருங்க. அங்க காலேஜ்ல படிப்போம், யூனிவர்சிட்டி டிகிரி குடுக்கும். இங்க ரெண்டும் வேற வேற இடம். சென்டெனியல், ஷெரிடன், மொஹாக் மாதிரி காலேஜ்ல பெரும்பாலும் டிப்ளமா தான், 2 வருஷம் படிச்சா டெக்னீஷியன், 3 வருஷம் அட்வான்ஸ்டு டிப்ளமா படிச்சா டெக்னாலஜிஸ்ட். வாட்டர்லூ, மெக்மாஸ்டர், யார்க், டொரன்டோ மெட்ரோபாலிட்டன் மாதிரி யூனிவர்சிட்டில 4 வருஷ இன்ஜினியரிங் டிகிரி. நடுவுல ஒரு விஷயம், கிச்சனர்ல இருக்கற கோனஸ்டோகா காலேஜ்லயே அக்ரெடிட்டேஷன் (தரத்துக்கான அங்கீகாரம்) வாங்கின இன்ஜினியரிங் டிகிரி இருக்கு, காலேஜ்னாலே டிப்ளமா தான்னு முடிவு பண்ணிடாதீங்க.

சரி, எத எடுக்கறது? நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணு தான். காலேஜ் வெப்சைட்ட மூடிட்டு ஜாப் போஸ்டிங்க தொறந்து படிங்க. நீங்க போகணும்னு நினைக்கற வேலைக்கு ஒரு இருபது விளம்பரமாவது எடுத்து, க்வாலிஃபிகேஷன்னு போட்டிருக்கற எடத்த மட்டும் வரிவரியா பாருங்க. பில்டிங் ஸ்ட்ரக்சர் டிசைன், பாலம் டிசைன், கன்சல்டிங் கம்பெனி வேலைன்னா "பி.எங் (P.Eng., ப்ரொஃபஷனல் இன்ஜினியர் லைசென்ஸ்) இருக்கணும், இல்ல வாங்கற தகுதி இருக்கணும்"னு பெரும்பாலும் போட்டிருப்பான், ஏன்னா அந்த ட்ராயிங்ல சீல் வெச்சு கையெழுத்து போட லைசென்ஸ் இருக்கற ஆள் வேணும். அதே ஃபுட் ஃபேக்டரில மெயின்டனன்ஸ், பிஎல்சி (மெஷின ஓட்டற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்), ஆட்டோமேஷன், க்வாலிட்டி, கேட் (CAD, கம்ப்யூட்டர்ல போடற) ட்ராயிங், சைட் இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி வேலைன்னா "டெக்னாலஜி டிப்ளமா அல்லது டிகிரி, சிஇடி இருந்தா நல்லது"ன்னு இருக்கும். சிஇடிங்கறது (C.E.T.) டெக்னாலஜிஸ்ட்டுக்கு ஓஏசிஇடிடிங்கற (OACETT) ஒன்டாரியோ அமைப்பு குடுக்கற சர்டிஃபிகேட், அது கட்டாயம் இல்ல, ஆனா ரெஸ்யூமேல மதிப்பு. விளம்பரத்துல பி.எங்ன்னு தான் திரும்பத் திரும்ப வருதுன்னா யூனிவர்சிட்டி, இல்லன்னா காலேஜ் போதும்.

பி.எங் லைசென்ஸ் குடுக்கறது பிஇஓங்கற (PEO) ஒன்டாரியோ அமைப்பு. அதுக்கு அஸ்திவாரம் 4 வருஷ இன்ஜினியரிங் டிகிரி, மேல 48 மாச அனுபவம், அப்புறம் சட்டமும் தொழில் ஒழுக்கமும் பத்தின என்பிபிஇன்னு ஒரு எக்ஸாம். 2023 மே மாசத்துலேர்ந்து அந்த அனுபவத்துல ஒரு வருஷம் கனடாவுல இருக்கணும்ங்கற ரூல எடுத்துட்டாங்க, நம்ம ஆளுங்க பல பேருக்கு இது இன்னும் தெரியல, பழைய கதையவே சொல்லி புதுசா வர்றவங்கள பயமுறுத்தறாங்க.

இப்ப எனக்கு ரொம்ப வயித்தெரிச்சலா இருக்கற விஷயத்துக்கு வரேன். ஊர்ல பி.இ. முடிச்சு ஏழெட்டு வருஷம் சைட்லயோ ப்ளாண்ட்லயோ வேலை பாத்தவங்க, இங்க வந்து இன்டர்வியூ கால் வரலன்னு ஆறு மாசத்துல மனசு ஒடிஞ்சு, யாரோ சொன்னாங்கன்னு 2 வருஷ டெக்னீஷியன் டிப்ளமால போய் சேர்ந்துடறாங்க. ஓம்ஸ் லாவுல ஆரம்பிச்சு திரும்ப படிக்கறாங்க! தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. நேரா பிஇஓல அப்ளை பண்ணுங்க, உங்க டிகிரிய பாத்துட்டு டெக்னிக்கல் எக்ஸாம் எழுதச் சொல்லலாம், சொன்னா எழுதுங்க, அது டிப்ளமாவ விட காசும் கம்மி நேரமும் கம்மி. அப்படியும் கனடா படிப்பு ஒண்ணு ரெஸ்யூமேல வேணும்னு தோணிச்சுன்னா கோர்ஸ் மட்டும் படிக்கற எம்.இங்ன்னு மாஸ்டர்ஸ் இருக்கு, முழுநேரமா படிச்சா ஒண்ணு ஒண்ணரை வருஷம். ஏற்கனவே வெளிநாட்டு டிகிரிய மதிப்பிடற வெஸ்ல (WES) மதிப்பீடு பண்ணி வெச்சிருக்கேனே அண்ணான்னு கேப்பீங்க, அது இமிக்ரேஷனுக்கு, பிஇஓ தனியா பாக்கும்.

பி.காம், பி.ஏ. மாதிரி படிச்சிட்டு புதுசா இன்ஜினியரிங் தொடறவங்களுக்கு கணக்கு வேற. யூனிவர்சிட்டி இன்ஜினியரிங் சேர க்ரேட் 12 லெவல்ல அட்வான்ஸ்டு ஃபங்ஷன்ஸ், கால்குலஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இங்கிலீஷ் எல்லாம் கேப்பாங்க. ப்ளஸ் டூல காமர்ஸ் க்ரூப்னா இத மொதல்ல முடிக்கணும், பெரியவங்க வீட்ல இருந்தே படிக்க டிவிஓ ஐஎல்சின்னு (TVO ILC) ஒண்ணு இருக்கு. காலேஜ்ல இவ்வளவு கெடுபிடி இல்ல, 19 வயசு ஆகிட்டா மெச்சூர் ஸ்டூடன்ட்டா (வயசு வந்த மாணவரா) வரலாம், கணக்கு தொட்டு பல வருஷம் ஆச்சுன்னா அங்கயே அகாடமிக் அப்கிரேடிங் க்ளாஸ் ஃப்ரீயா இருக்கு. அதுல உக்கார வெக்கப்படாதீங்க, லாகரிதமும் ட்ரிக்னாமெட்ரியும் கையில வராம மொத செமஸ்டர்லயே தடுமாறி நின்னவங்கள நான் பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

காலேஜ் லேப் எப்படின்னு தெரிஞ்சிக்கணும்னா என் மச்சினன் சொன்னத சொல்றேன், அவன் பி.காம், எலக்ட்ரோமெக்கானிக்கல் படிச்சான். ஒரு பேனல்ல காண்டாக்டர், ஓவர்லோட் ரிலே, ஸ்டார்ட் ஸ்டாப் பட்டன் எல்லாம் இவங்களே வயரிங் பண்ணி மோட்டார ஓட்டணும், ஓடினதும் வாத்தியார் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு எங்கயோ ஒரு வயர லூஸ் பண்ணி வெச்சுடுவாரு, உள்ள வந்து ட்ராயிங்க ஒரு கையிலயும் மல்டிமீட்டர இன்னொரு கையிலயும் வெச்சு கண்டுபிடிக்கணும். அவன் வேலைக்குப் போன இன்டர்வியூல இதே மாதிரி ஒரு பேனல முன்னாடி வெச்சு தான் கேட்டாங்களாம். யூனிவர்சிட்டில மொத ரெண்டு வருஷம் கால்குலஸ், ஸ்டாட்டிக்ஸ், தெர்மோன்னு கணக்கும் தியரியும் தான் கூட, டிசைன் பண்றவங்களுக்கு அது வேணும், வீண் இல்ல, ஆனா ரெண்டு குழந்தைய வெச்சிக்கிட்டு நைட் உக்காந்து படிக்க வீட்ல துணை இருக்கான்னு யோசிங்க. முப்பத்தஞ்சு வயசு தாண்டி, குடும்பத்தோட, ஒரே சம்பளத்துல இருக்கறவங்களுக்கு நான் 3 வருஷ அட்வான்ஸ்டு டிப்ளமா, அதுவும் கோ-ஆப் (படிப்பு நடுவுலயே கம்பெனில வேலை பாக்கறது) இருக்கற ப்ரோக்ராம் தான் சொல்லுவேன். கோ-ஆப்ல தான் சம்பளமும் வரும், கனடா ரெஃபரன்ஸும் கிடைக்கும்.

காசு விஷயம். பி.ஆர். (நிரந்தரமா தங்கற உரிமை) இருந்தா காலேஜுக்கு வருஷம் சுமாரா மூவாயிரம் டாலர் சொச்சம், யூனிவர்சிட்டி இன்ஜினியரிங்னா இடத்தப் பொறுத்து எட்டாயிரத்துலேர்ந்து பதினஞ்சாயிரம் வரைக்கும், ஒன்டாரியோ அரசாங்க படிப்புதவியான ஒசாப் (OSAP) ரெண்டுக்கும் அப்ளை பண்ணலாம். ஸ்டடி பெர்மிட்ல வர்றவங்களுக்கு ஒசாப் கிடையாது, ஃபீஸும் பல மடங்கு. இன்னொண்ணு, 2024 நவம்பர் 1-லேர்ந்து ஸ்டடி பெர்மிட் அப்ளை பண்றவங்களுக்கு காலேஜ் டிப்ளமான்னா எல்லா கோர்ஸுக்கும் படிப்பு முடிஞ்ச பிறகு வர்ற வொர்க் பெர்மிட் கிடைக்காது, அரசாங்கம் போட்ட லிஸ்ட்ல அந்த ப்ரோக்ராம் இருக்கணும், பேச்சிலர்ஸ் மாஸ்டர்ஸ் டிகிரிக்கு அந்த லிஸ்ட் கட்டுப்பாடு இல்ல. ஏஜென்ட் வாய்வார்த்தையா சொல்றத நம்பி பணம் கட்டாதீங்க, கனடா இமிக்ரேஷன் துறையான ஐஆர்சிசி (IRCC) சைட்ல நீங்களே பாருங்க.

மொதல்ல டிப்ளமா, அப்புறம் டிகிரின்னு ப்ளான் போடறவங்க ஒண்ணு கவனிங்க. டிப்ளமாவுக்கு மேல படிச்சு முடிக்கற பி.டெக்னு சில ப்ரோக்ராம் இருக்கு, மெக்மாஸ்டர்ல கூட உண்டு, நல்ல படிப்பு தான், ஆனா அது அக்ரெடிட்டேஷன் வாங்கின பி.இங் (B.Eng., இன்ஜினியரிங் டிகிரி) இல்ல, பி.எங் லைசென்ஸ் தான் குறின்னா அத நம்பி போகாதீங்க. தண்டர் பேல இருக்கற லேக்ஹெட் யூனிவர்சிட்டில டெக்னாலஜி டிப்ளமா முடிச்சவங்கள ஒரு சம்மர் ட்ரான்சிஷன் படிக்க வெச்சு நேரா மூணாவது வருஷ பி.இங்ல சேத்துக்கறாங்க. டொரன்டோலேர்ந்து சுமார் 1,400 கிலோமீட்டர், குளிரும் அதிகம், ஆனா வழி நல்ல வழி.

செப்டம்பர் இன்டேக்னா காலேஜுக்கு பிப்ரவரி 1-க்குள்ள அப்ளை பண்ணிடுங்க, அதுக்குள்ள வந்த அப்ளிகேஷனைத் தான் சமமா வெச்சு பாப்பாங்க. ஊர்லேர்ந்து ட்ரான்ஸ்க்ரிப்ட் வர லேட்டாகும், யூனிவர்சிட்டி நேரா அனுப்பணும்னு கேப்பாங்க, அப்பாவையோ ஃப்ரெண்டையோ இப்பவே அனுப்பி விண்ணப்பம் குடுக்க சொல்லுங்க, கூடவே பழைய சிலபஸ் காப்பியும் வாங்கி வைக்க சொல்லுங்க, ஏற்கனவே படிச்ச பாடத்துக்கு க்ரெடிட் கேக்கறப்ப அது இல்லாம ஒண்ணும் நடக்காது.